இன்ஸ்டாக்ஸ் மினி 12: ஸ்லைடு சேர்ப்பவளின் ஓராண்டு அனுபவம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்லைடுகள், அதாவது புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் பிலிம் படங்கள், தேடுவது என் பழக்கம். போன வருஷம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடைத்தது. எல்லாம் இரண்டு அங்குலச் சதுர அட்டைச் சட்டங்கள். சிலவற்றின் ஓரத்தில் 1964 என்று முத்திரை. யாரோ ஒரு குடும்பத்தின் சுற்றுலா: மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், தாஜ்மகால், பனிமலைக்கு முன்னால் சேலைமேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா. கோடாக்ரோம் (கோடாக் கம்பெனியின் கலர் ஸ்லைடு பிலிம்) என்று அச்சிட்டவை மட்டும் நேற்று எடுத்தது போல இருந்தன. மற்றவை சிவப்பேறிவிட்டன.

ஸ்லைடுக்குத் தனி நெகட்டிவ் கிடையாது. அந்த அம்மா நின்றபோது கேமராவுக்குள் இருந்த அதே பிலிம் துண்டுதான் என் கைக்கு வந்திருக்கிறது. இந்த நினைப்பு என்னை விடவே இல்லை. என் போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் அப்படி ஒன்றுகூட இல்லை. அதற்காகத்தான், எடுத்த உடனே படத்தை வெளியே தள்ளும் இந்த மினி 12 கேமராவை வாங்கினேன். இதிலும் ஒரே பிரதிதான், எடுத்த பிலிமே படம்.

பயன்படுத்துவது ரொம்பச் சுலபம். லென்ஸைத் திருகினால் கேமரா தயார். இன்னும் ஒரு திருகு திருகினால் 30 முதல் 50 செ.மீ. தூரத்தில் இருப்பதை எடுக்கலாம். இரண்டு பென்சில் செல் போதும். ஒரு பாக்கெட்டில் பத்துப் படம். படத்தின் அளவு 62க்கு 46 மி.மீ., பர்ஸில் அடங்கும். வெளியே வரும்போது உருளைகள் அழுத்தி, வெள்ளை ஓரத்துக்குள் இருக்கும் ரசாயனத்தைப் படம் முழுக்கப் பரப்பிவிடும். அதனால் ஆட்டவே வேண்டாம். மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றரை நிமிஷம் காத்திருங்கள்.

வெயில்தான் சிக்கல். பிலிமின் வேகம் என்றால் அது வெளிச்சத்தை உணரும் அளவு; எண் கூடினால் கொஞ்ச வெளிச்சமே போதும். அந்தக் காலத்துக் கோடாக்ரோமின் வேகம் 25, 64 என்று குறைவு. அது நல்ல வெயிலைக் கேட்ட பிலிம். இன்ஸ்டாக்ஸ் பிலிமின் வேகமோ 800. மெரினாவில் உச்சி வெயிலில் நான் எடுத்த நான்கு படங்களிலும் வானம் வெள்ளைத்தாள்தான். அதே இடத்தில் மாலை ஐந்தரைக்கு எடுத்ததில் சுண்டல் வண்டி, பட்டம், அலை எல்லாமே அழகாக விழுந்தன. ஃபிளாஷை நிறுத்த வழியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி போட்ட சாமி படத்தை நேருக்கு நேர் எடுக்காதீர்கள். அப்புறம், 40 டிகிரிக்கு மேல் பிலிம் தாங்காது. கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

தூர மலை, பெரிய கோபுரம் இதற்கு ஏற்றவை அல்ல. ஆள் முகம், தட்டில் இட்லி, வாசல் கோலம், பூனை என்று ஐந்தாறு அடிக்குள் இருப்பவைதான் இதற்குச் சரி. ஸ்லைடில் ஊரைத் தேடுகிறேன், இதில் எங்கள் தெருவை எடுக்கிறேன். இரண்டையும் பீரோவுக்குள் இருட்டில்தான் வைக்கிறேன். கோடாக்ரோமும் வெளிச்சம் படாமல் இருந்ததால்தான் பிழைத்தது.

பிலிம் செலவு நிஜமாகவே அதிகம். ஒரு படத்தின் காசில் காலை டிபன் முடிந்துவிடும். ஆனாலும் வாங்கும்போதே இரண்டு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தெருமுனைப் பூக்கார அம்மாவை எடுத்தேன். படம் மெல்ல மெல்லத் தெரிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இது எனக்குத்தானே கண்ணு?" என்று வாங்கி, காசுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். என் முதல் பாக்கெட்டில் மீந்தது மூன்றே படம்.