சக்செண்டா, வெகோவி, மவுஞ்சாரோ: எந்த ஊசி யாருக்கு ஒத்துவரும்?

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்க நின்னாலும் சரி, கோயில்ல அன்னதான வரிசையில நின்னாலும் சரி, இப்பல்லாம் பேச்சு எடை குறைக்கிற ஊசியிலதான் வந்து நிக்குது. "எது நல்லதுக்கா, எதப் போடலாம்"னு என்கிட்ட கேக்குறாங்க, ஏன்னா நான் முதல்ல சக்செண்டா போட்டேன், நிறுத்தினேன், இப்ப மவுஞ்சாரோ போடுறேன், என் அண்ணி வெகோவி போடுறாங்க. மூணையும் கிட்ட இருந்து பாத்ததால எழுதுறேன், ஆனா எதப் போடணும்னு கடைசியில சொல்ல வேண்டியது உங்க டாக்டர்தான்.

மூணுக்கும் அடிப்படை ஒண்ணுதான். சாப்பிட்டதும் நம்ம குடல்ல ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோன் சுரக்கும், அது மூளைக்கு போதும்னு சொல்லும், வயித்துல இருந்து சாப்பாடு இறங்குறத மெதுவாக்கும், ஆனா சில நிமிஷத்துலயே கரைஞ்சிடும். அது மாதிரியே வேலை செஞ்சு ரொம்ப நேரம் உடம்புல நிக்கிற மருந்துங்கதான் இதெல்லாம். சக்செண்டால இருக்கிற லிராகுளுடைட் ஒரு நாள் தாங்கும், அதனால தினமும் குத்தணும். வெகோவில இருக்கிற செமாகுளுடைட் வாரம் ஒரு தடவை. மவுஞ்சாரோல இருக்கிற டிர்செபடைடும் வாரம் ஒரு தடவைதான், ஆனா அது ஜிஐபினு இன்னொரு ஹார்மோனோட வேலையையும் சேத்து செய்யுது.

சக்செண்டாவ சீக்கிரமா முடிச்சிடுறேன். 0.6 மில்லிகிராம்ல தொடங்கி வாரா வாரம் ஏத்தி 3 மில்லிகிராமுக்கு போகணும். பெரிய ஆய்வுல 56 வாரத்துல சராசரியா 8 சதவீதம் எடை குறைஞ்சது, மருந்தில்லாத ஊசி போட்டவங்களுக்கு 2.6. மோசம் இல்ல, ஆனா எனக்கு ஷிப்ட் வேலை, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா ஊசி ஞாபகமே வராது, அதுவும் மூணு நாளுக்கு மேல விட்டுட்டா மறுபடியும் 0.6ல இருந்து தொடங்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அஞ்சு மாசத்துல 5 கிலோ குறைஞ்சது, செலவு கட்டுபடியாகாம நிறுத்தினேன், அடுத்த தீபாவளிக்குள்ள முழுசா திரும்பி வந்துடுச்சு. வாராந்திர ஊசி கிடைக்கிறப்ப தினசரி ஊசிக்கு போகாதீங்கனுதான் நான் சொல்வேன்.

நிஜமான போட்டி மத்த ரெண்டுக்கும்தான். ரெண்டையும் நேருக்கு நேரா வச்சு பாத்த ஆய்வு 2025ல வந்துச்சு, 751 பேர், 72 வாரம். மவுஞ்சாரோ மருந்து போட்டவங்களுக்கு சராசரியா 20.2 சதவீதம், வெகோவி மருந்து போட்டவங்களுக்கு 13.7. அதாவது 90 கிலோ இருக்கிற ஒருத்தருக்கு கிட்டத்தட்ட 18 கிலோவும் 12 கிலோவும். எடை மட்டும்தான் கணக்குனா மவுஞ்சாரோ ஜெயிக்குது, அதுல சந்தேகமே இல்ல. தூக்கத்துல மூச்சு அடைக்கிற ஸ்லீப் ஆப்னியாவுக்கும் 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல இதே மருந்துக்கு அனுமதி கிடைச்சது.

ஆனா அண்ணி கதை வேற. அவங்களுக்கு 52 வயசு, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சிருக்காங்க, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) கிடையாது. அவங்க மாதிரி இதய நோய் இருந்து, எடையும் கூடுதலா இருந்து, இனிப்புநீர் இல்லாத 17,604 பேர வச்சு செமாகுளுடைட்ட சோதிச்சாங்க, 2023ல முடிவு வந்துச்சு, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால சாவு மூணும் சேர்ந்த கணக்கு 20 சதவீதம் குறைஞ்சது. அதக் காட்டித்தான் அவங்க டாக்டர் வெகோவி எழுதினாரு. "உனக்கு என்னை விட சீக்கிரமா இறங்குதே"னு அண்ணி சில நேரம் வருத்தப்படுவாங்க, நான் சொல்றது ஒண்ணுதான், அண்ணி உங்களுக்கு தராசு முக்கியம் இல்ல, நெஞ்சு முக்கியம். அவங்களுக்கு அதுதான் சரியான ஊசினு நான் நம்புறேன்.

பக்க விளைவுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் நான் பாக்கல. குமட்டல், மலச்சிக்கல், சில பேருக்கு வயித்துப்போக்கு, டோஸ் ஏத்துற வாரத்துலதான் ஜாஸ்தி. எனக்கு மவுஞ்சாரோவ 5 மில்லிகிராமுக்கு ஏத்தின மறுநாள் ஒரே ஒரு பரோட்டாவும் ஆட்டுக்கறி குழம்பும் சாப்பிட்டு ராத்திரி பூரா வாந்தி. எண்ணெய் அயிட்டம் அந்த வாரம் வேணாம், முட்டை, மீன், தாவ்குவா (சோயா டோஃபு)னு புரதத்த முதல்ல சாப்பிடுங்க, எடையோட தசையும் சேர்ந்து கரையும், அதனால கொஞ்சம் வெயிட் தூக்குற பயிற்சியும் வேணும். மேல்வயித்துல கடுமையா வலிச்சு முதுகு வரைக்கும் போனா காத்திருக்காம அவசர சிகிச்சைக்கு போங்க, கணையமா பித்தப்பையானு பாக்கணும். குடும்பத்துல யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தா இந்த ஊசி எதுவும் வேணாம்.

பொண்ணுங்களுக்கு ஒரு விஷயம், இத யாரும் வாய் திறந்து பேச மாட்டேங்கிறாங்க. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுறவங்க மவுஞ்சாரோ தொடங்குறப்பவும் டோஸ் ஏத்துறப்பவும் நாலு வாரம் வேற தடுப்பும் சேத்து பாவிக்கணும், மாத்திரை சரியா உடம்புல ஏறாம போகலாம். வெகோவில அந்த தொந்தரவு இல்ல. ஆனா பிள்ளைக்கு முயற்சி பண்றவங்க வெகோவிய குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தணும், மவுஞ்சாரோவுக்கும் எப்ப நிறுத்தணும்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வைங்க.

ஓசெம்பிக் எங்கனு கேப்பீங்க. அதுவும் செமாகுளுடைட்தான், ஆனா இங்க அது பதிவாகியிருக்கிறது இரண்டாம் வகை இனிப்புநீருக்கு. டெலிகிராம்ல மலிவா தர்றாங்கனு தயவுசெஞ்சு போகாதீங்க, சிங்கப்பூர்ல இதெல்லாம் டாக்டர் சீட்டு இருந்தாதான் வாங்க முடியும், அதோட பிரிக்காத ஊசி பேனா 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள ஃபிரிட்ஜ்ல இருக்கணும், நம்ம ஊரு வெயில்ல எத்தன மணி நேரம் எங்க கிடந்து வந்துச்சுனு யாருக்கு தெரியும்.

எந்த ஊசினு யோசிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு நாள்னு யோசிங்க. வெகோவி மருந்த நிறுத்தினவங்களுக்கு ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துச்சுனு ஆய்வு சொல்லுது, மவுஞ்சாரோ மருந்த 36 வாரத்துல நிறுத்தினவங்களுக்கும் அடுத்த வருஷம் 14 சதவீதம் ஏறிடுச்சு. மாசம் சில நூறு வெள்ளி, டோஸ் ஏறினா விலையும் ஏறும். ரெண்டு வருஷத்துக்கு தாங்கும்னா மட்டும் தொடங்குங்க, ரெண்டுல எது உங்க பர்சுக்கு தாங்குதோ அதுதான் உங்க ஊசி, இதய நோய் இருந்தா மட்டும் வெகோவிய முதல்ல கேளுங்க. கிளினிக்குக்கு போனதும் முதல் மாச விலைய மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, அது சின்ன டோஸ் விலை, ஆறாவது மாசம் எவ்வளவு ஆகும்னு எழுதித் தரச் சொல்லுங்க.