கஞ்சா சிறுநீர் டெஸ்ட் கார்டு: விளையாட்டு வீரர்கள் வாங்கலாமா?

கஞ்சாவில் போதை தரும் பொருள் டி.எச்.சி. ஆன்லைனில் 'டி.எச்.சி. டெஸ்ட் கிட்' என்று தேடினால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்ற ஒரே அளவை மட்டும் பார்க்கும் ஒற்றை ஸ்ட்ரிப். இன்னொன்று, 15, 50, 100, 200, 300 என்று ஐந்து அளவுகளையும் ஒரே அட்டையில் பார்க்கும் மல்டி-லெவல் கார்டு. பிராண்டு எதுவானாலும் உள்ளே இருக்கும் நுட்பம் ஒன்றுதான். போட்டிக்கு முன்னால் 'டெஸ்டில் மாட்டுவோமா, மாட்டோமா' என்று தெரிந்துகொள்ள இதை வாங்குகிறவர்கள் உண்டு. அந்த வேலைக்கு இது உதவாது, காசுதான் வீண். கஞ்சாப் பழக்கத்தை விட்டு மீண்டு வருகிற வீரருக்கோ, முறையாகப் பயன்படுத்தினால், நல்ல துணை.

முதலில் கார்டைப் படிக்கும் விதம். கஞ்சாவைக் கல்லீரல் உடைத்த பிறகு சிறுநீரில் பெரும்பாலும் வருவது, போதை தராத கார்பாக்சி-டி.எச்.சி. என்ற கழிவு. ஸ்ட்ரிப் தேடுவது அதைத்தான். கர்ப்பப் பரிசோதனை கார்டு பார்த்துப் பழகிய கண் இங்கே தலைகீழாகப் படித்துவிடும். இரண்டு கோடு விழுந்தால் நெகட்டிவ். ஸ்ட்ரிப் வேலை செய்கிறதா என்று காட்டும் 'சி' (கன்ட்ரோல்) கோடு மட்டும் விழுந்தால் பாசிட்டிவ். 'சி' கோடே இல்லையென்றால் ஸ்ட்ரிப் செல்லாது, வேறொன்றைப் பிரிக்க வேண்டும்.

இப்படித் தலைகீழாக இருக்கக் காரணம் உண்டு. 'டி' (டெஸ்ட்) கோட்டில் அந்தக் கழிவுப்பொருளையே ஏற்கெனவே ஒட்டி வைத்திருக்கிறார்கள். சிறுநீரோடு மேலேறும் நிறமேற்றிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதம்), வழியிலேயே கார்பாக்சி-டி.எச்.சி.யைப் பிடித்துக்கொண்டால் 'டி' கோட்டில் ஒட்ட அதற்குக் கை மிச்சமிருக்காது. அதனால் கோடு விழாது. 'டி' கோடு எவ்வளவு மங்கலாக விழுந்தாலும் நெகட்டிவ்தான். 'கொஞ்சம் பாசிட்டிவ்' என்று ஒன்று இதில் கிடையாது.

ஸ்ட்ரிப்பை ஃபாயில் கவரிலிருந்து எடுத்தால் உடனே பயன்படுத்திவிட வேண்டும். காற்றில் உள்ள ஈரம் பட்டால் கெடும். கவருக்குள் சின்ன சிலிக்கா பை வைத்திருப்பதே அதற்காகத்தான். சுத்தமான, காய்ந்த கப்பில் சிறுநீரைப் பிடித்து, அம்புக்குறி கீழே பார்க்க 10 முதல் 15 விநாடி நனைக்க வேண்டும். 'மேக்ஸ்' கோட்டுக்கு மேல் நனைந்தால் சிறுநீர் ஒழுங்காக ஏறாமல் வழிந்துவிடும். பிறகு சமதரையில் படுக்க வைத்து 5 நிமிடத்தில் படிக்க வேண்டும். 10 நிமிடம் கடந்துவிட்டால் அந்த ரிசல்ட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்த சிறுநீரானால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே சோதிக்க வேண்டும்.

பெட்டியில் 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர் கோடையில் கூரியர் வண்டிக்குள்ளேயே 30 தாண்டிவிடும். ஆன்டிபாடி வெப்பத்தில் கெட்டால் 'டி' கோடு விழாமல் போய், கஞ்சாவைத் தொடாதவருக்கும் பாசிட்டிவ் காட்டக்கூடும். புது டப்பா வந்ததும் பழக்கம் இல்லாத ஒருவருடைய சிறுநீரில் ஒரு ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு கோடும் பளிச்சென்று விழாவிட்டால் அந்த டப்பாவையே நம்ப வேண்டாம்.

வயிற்று எரிச்சலுக்கு நம் வீடுகளில் சாதாரணமாகப் போடும் பான்டோபிரசோல் மாத்திரையால் இந்த வகைச் சோதனைகளில் தவறான பாசிட்டிவ் வந்ததாகப் பதிவுகள் உண்டு. அமெரிக்காவில் அந்த மருந்தோடு தரும் தகவல் தாளிலேயே இது அச்சாகியிருக்கிறது. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் எஃபாவிரென்ஸும் அப்படித்தான். ஆகவே ஸ்ட்ரிப் பாசிட்டிவ் காட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கோச்சும் ஒரு பையனை அணியிலிருந்து நீக்கக் கூடாது. பொருளைத் தனியாகப் பிரித்து அளக்கும் ஜி.சி.-எம்.எஸ். அல்லது எல்.சி.-எம்.எஸ். கருவி உள்ள லேபில் உறுதி செய்த பிறகுதான் பேச வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது: 'கே2', 'ஸ்பைஸ்' என்று விற்கும் செயற்கைச் சரக்குகளை இந்த ஸ்ட்ரிப் கண்டுபிடிக்காது. ஊக்கமருந்து லேபில் அவற்றையும் தேடுவார்கள்.

தூக்கத்துக்கும் வலிக்கும் சி.பி.டி. (கஞ்சாச் செடியிலேயே உள்ள, போதை தராத பொருள்) எண்ணெய் எடுக்கும் வீரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2018 முதல் சி.பி.டி. உலக ஊக்கமருந்து தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆன்லைனில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்தபோது 18-ல் டி.எச்.சி. இருந்தது. தடை டி.எச்.சி.க்கு நீடிக்கிறது, லேபிளில் என்ன எழுதியிருந்தாலும்.

போட்டிக்கு முன் பார்க்க இது ஏன் ஆகாது என்று பார்ப்போம். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் வரம்பு 150 நானோகிராம். அளவீட்டுப் பிழைக்கு இடம்விட்டு, 180-ஐத் தாண்டினால்தான் பாசிட்டிவ் என்று அறிவிப்பார்கள். மல்டி-லெவல் கார்டில் 100 இருக்கிறது, 200 இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த 100-உம் 200-உம் கூடத் துல்லியமான எண்கள் அல்ல. கட்-ஆஃபுக்கு, அதாவது அந்த எல்லை அளவுக்கு, பக்கத்தில் இருக்கும் சாம்பிள் ஒரு ஸ்ட்ரிப்பில் பாசிட்டிவ், அடுத்ததில் நெகட்டிவ் என்று காட்டும். மேலும் ஸ்ட்ரிப்பின் ஆன்டிபாடி கார்பாக்சி-டி.எச்.சி.யோடு அதன் உறவுப் பொருள்களையும் சேர்த்தே பிடிக்கிறது. லேப் அந்த ஒன்றை மட்டும் பிரித்து அளக்கிறது. இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

லேபுக்கு லேபே மாறும்போது கார்டு எம்மாத்திரம்? 2015 ஜனவரி 31 அன்று லாஸ் வேகாஸில் நடந்த யு.எஃப்.சி. (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டையன்று அமெரிக்க வீரர் நிக் டயஸிடம் மூன்று முறை சிறுநீர் எடுத்தார்கள். வாடா அங்கீகாரம் பெற்ற லேபுக்குப் போன இரண்டும் 150-க்குக் கீழே வந்தன. வேறொரு லேபுக்குப் போன ஒன்று வரம்பை வெகுவாகத் தாண்டியது. நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் 5 ஆண்டு தடை விதித்து, பின்னர் 18 மாதமாகக் குறைத்தது. ஒரே ஆள், ஒரே நாள்.

தண்ணீர் இன்னொரு சிக்கல். ஸ்ட்ரிப் பார்ப்பது செறிவை மட்டும்தான். பயிற்சி முடிந்து வியர்த்து வறண்டிருக்கும் வீரரின் சிறுநீர் கெட்டியாக இருக்கும். அதே ஆள் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்த பிறகு பாதிக்கும் கீழே காட்டும். அதை நம்பி டோப்பிங் கன்ட்ரோல் அறைக்குள் போனால், அங்கே அதிகாரியின் கண்முன் குறைந்தது 90 மில்லி கொடுக்க வேண்டும். கொடுத்தது 150 மில்லிக்குக் குறைவாக இருந்து, அடர்த்தியும் 1.005-க்குக் கீழே இருந்தால் உட்கார வைத்து மறுபடி எடுப்பார்கள்.

போட்டிக்காலத்தில் மட்டுமே கஞ்சாவுக்குத் தடை. ஆனால் வாடா கணக்கில் போட்டிக்காலம் முந்தைய நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடுகிறது. டி.எச்.சி. கொழுப்பில் தங்கி, கழிவாக மாறி மெதுவாகத்தான் வெளியேறும். எப்போது புகைத்தார் என்பதைச் சிறுநீர் சொல்லாது. அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷா'காரி ரிச்சர்ட்சன் 2021 ஜூனில் அந்நாட்டின் யூஜீன் நகரில் 100 மீட்டரை 10.86 விநாடியில் ஓடி ஒலிம்பிக் தகுதிப் போட்டியை வென்றார். சாம்பிள் பாசிட்டிவ். தாயின் மறைவுச் செய்தி கேட்ட மனநிலையில் எடுத்ததாகச் சொன்னார். போட்டிக்கு வெளியே, திறனைக் கூட்டும் நோக்கமில்லாமல் எடுத்தது என்று நிரூபித்தால் 3 மாதம், சிகிச்சைத் திட்டத்தை ஏற்றால் 1 மாதம் என்பது 2021 விதி. அதன்படி ஒரு மாதத் தடையோடு போனது. ஆனால் வென்ற ஓட்டம் ரத்தாகி, டோக்கியோ ஒலிம்பிக்கும் கை நழுவியது. வெற்றி பெற்ற ஒரு பெண்ணை அவரது துக்கத்துக்காகத் தண்டித்தது போலத்தான் அந்தத் தீர்ப்பு இன்றும் படுகிறது.

வரம்பும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கனடாவின் ஸ்னோபோர்டு வீரர் ராஸ் ரெபாலியாட்டிக்கு 17.8 வந்தது. அன்றைய எல்லை 15. கார்டில் உள்ள முதல் அளவு அதுதான். பறித்த தங்கத்தைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 2013-ல் வாடா அதை 150 ஆக்கியது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 35-லிருந்து 150-க்குப் போய், 2024 டிசம்பரில் 350-க்கு உயர்த்தியது. பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி. 2019 டிசம்பரில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது, கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வும் 2023 ஒப்பந்தத்தில் நீக்கியது. எந்த லீக், எந்த ஆண்டு என்று தெரியாமல் கார்டில் உள்ள எண்ணுக்குப் பொருளே இல்லை.

இனி, இது உண்மையில் உதவும் இடம். தினமும் புகைத்தவர் நிறுத்தினால் பாசிட்டிவ் 30 நாளும், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். ஒரே ஒரு முறை புகைத்தவருக்குப் பெரும்பாலும் 3 நாளில் 50-க்குக் கீழே இறங்கிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் வீட்டில் சண்டை வருகிறது. பத்தாவது நாள் பாசிட்டிவ் வந்ததும் 'மறுபடி ஆரம்பிச்சிட்டியா' என்று பாய்கிறார்கள். பையன் ஒன்றுமே செய்திருக்க மாட்டான். முதல் மாதத்துக்கு மல்டி-லெவல் கார்டு நல்லது. 300-ல் தொடங்கி 200, 100 என்று ஒவ்வொரு அளவாக நெகட்டிவ் ஆகிக்கொண்டு வருவது கண்ணுக்குத் தெரியும், சம்பந்தப்பட்டவருக்கும் தெம்பு வரும்.

வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலை முதல் சிறுநீர். தினமும் பார்த்தால் தண்ணீர்க் கணக்கில் ஏறி இறங்கி மனதைக் குழப்பும். கடும் பயிற்சி நாளுக்கு மறுநாளும் வேண்டாம். தொடர்ந்து புகைக்கும் 14 பேரை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்து ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில், கொழுப்பிலிருந்து கசிந்து ரத்தத்தில் டி.எச்.சி. சிறிதளவு ஏறியது. அது ரத்தக் கணக்கு; சிறுநீரில் அது எவ்வளவு என்று வீட்டில் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட ஓய்வு நாளுக்கு மறுநாள் பார்ப்பது எளிது. இறங்கி வந்த அளவு திடீரென்று ஏறினால் உடனே குற்றம் சாட்டாமல், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினோடு சேர்த்துக் கணக்கிடும் லேபில் கொடுங்கள். கார்பாக்சி-டி.எச்.சி.யைக் கிரியேட்டினினால் வகுத்தால் தண்ணீரின் பங்கு கழிந்துவிடும்.

நிறுத்திய ஓரிரு நாளிலேயே எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும். முதல் வாரம்தான் உச்சம். எடைப் பிரிவில் ஆடும் மல்யுத்த, குத்துச்சண்டை வீரர்களுக்குச் சாப்பாடு இறங்காத அந்த நாட்கள் மிகவும் சிரமம். அப்போது எடை குறைக்கும் திட்டத்தையும் சேர்த்துத் தொடங்குவது முட்டாள்தனம். கஞ்சா அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் இல்லை. பேச்சு சிகிச்சைகள்தான் வழி. அவற்றில் ஒன்று, நெகட்டிவ் வரும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தருவது. கார்டு அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தியாவில் ஆலோசனைக்கு இலவச எண் 14446.

வாங்குவதானால்: கட்-ஆஃப் எண் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் தனி ஃபாயிலில் இருக்க வேண்டும், காலாவதித் தேதிக்கு ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். முதல் மாதத்துக்கு நான்கைந்து மல்டி-லெவல் கார்டு போதும். கார்டில் 50 என்ற அளவும் நெகட்டிவ் ஆன பிறகு ஒற்றை ஸ்ட்ரிப்புக்கு மாறிக்கொள்ளலாம்.