நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம்: இரண்டு வகை வாங்கிக் காய்ச்சிப் பார்த்ததில்

2012இல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசே மருத்துவமனைகளில் காய்ச்சிக் கொடுத்ததிலிருந்து, மழைக்காலம் தொடங்கினால் நிலவேம்புக் குடிநீரைத் தேடிப் போவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு எங்கள் வீட்டுக்காக இரண்டு வகைச் சூரணம் வாங்கினேன். ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் டப்பாவிலிருந்து அள்ளி, காகிதத்தில் மடித்துத் தந்த சில்லறைத் தூள். மற்றது, உரிம எண் அச்சிட்ட நூறு கிராம் பெட்டி. பெட்டியின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே என் நோக்கமாக இருந்தது.

இதில் சேர வேண்டியவை ஒன்பது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. எல்லாம் சம எடை. இவற்றை மாவாக அரைக்காமல் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அன்று. பெட்டியில் இருந்ததை வெள்ளைத்தாளில் கொட்டிப் பரப்பியபோது வெட்டிவேரின் நார்களும், மிளகின் கறுத்த தோலும், நிலவேம்பின் நாற்கோணத் தண்டுத் துணுக்குகளும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. முகர்ந்தால் வேரின் மண்வாசம் எழுந்தது. சில்லறைத் தூளோ முகப்பவுடர் போல நைசாக இருந்தது. அதில் சந்தனம் சேர்ந்திருக்கிறதா, மலிவான வேறு மரத்தூள் சேர்ந்திருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை; விற்றவராலும் சொல்ல முடிந்திருக்காது. அந்த ஒன்பதில் பற்படாகம் என்ற பெயரிலேயே ஊருக்கு ஊர் வெவ்வேறு செடிகள் விற்கப்படுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், நைசான தூளை நம்பி வாங்குவது எவ்வளவு கண்மூடித்தனம் என்பது விளங்கும்.

ஐந்து கிராம் தூளை 200 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 50 மில்லியாக வற்றக் காய்ச்சி வடித்தேன். பெட்டிச் சூரணம் தெளிந்த பழுப்பு நிறத்தில் இறங்கியது. சில்லறைத் தூள் வடிகட்டியை அடைத்துக்கொண்டு, துணியில் பிழிந்த பிறகும் சேறாகவே நின்றது. கசப்பில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அரைமணி நேரம் கழித்துக் குடித்த காபியும் கசந்தது. கசப்பை வைத்துத் தரத்தை அளப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம். ஒன்பதில் நிலவேம்பு ஒன்று ஒழுங்காக இருந்தாலே, மற்ற எட்டும் எப்படி இருந்தாலும், நாக்கை ஏமாற்றிவிடலாம்.

பெட்டியின் பின்புறம் "டெங்கு, சிக்குன்குனியா, பன்றிக் காய்ச்சல் அனைத்துக்கும்" என்று அச்சிடப்பட்டிருந்தது. எனக்கு மிகவும் உறுத்திய வரி அதுதான். தில்லியிலுள்ள சர்வதேச மரபணுப் பொறியியல் உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் இந்தக் குடிநீர்ச் சூரணத்தை டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களுக்கு எதிராகச் சோதித்து நல்ல விளைவு கண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது எத்தனால் என்ற ஆல்கஹாலில் எடுத்த சாறு. சோதனை நடந்ததும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில். நாம் குடிப்பது தண்ணீரில் காய்ச்சியது. நிலவேம்பின் முக்கிய வேதிப்பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால், அந்த முடிவை அப்படியே நம் டம்ளருக்கு மாற்றிக்கொள்ள இயலாது. சளி, தொண்டைவலி போன்றவற்றில் நிலவேம்புச் சாறு தொல்லையைக் குறைப்பதாக மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சில கூறுகின்றன. அவையும் பெரும்பாலும் தரப்படுத்திய மாத்திரைகளைக் கொண்டு நடந்தவை.

பாதுகாப்பு பற்றிப் பெட்டி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதில் இருந்த எண்ணுக்கு அழைத்து, கன உலோகச் சோதனை அறிக்கை கிடைக்குமா என்று கேட்டேன். "எல்லாம் மூலிகைதான் சார், பக்கவிளைவே கிடையாது" என்றார் பேசியவர். ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), ஆர்சனிக் 3 பிபிஎம், பாதரசம் 1 பிபிஎம், காட்மியம் 0.3 பிபிஎம் என்று மூலிகை மருந்துகளுக்கு வரம்பு இருக்கிறதே, உங்கள் தயாரிப்புத் தொகுதியில் (பேட்ச்) எவ்வளவு வந்தது என்று மறுபடி கேட்டதற்கு, மேலாளர் அழைப்பார் என்றார். இன்றுவரை அழைப்பு வரவில்லை. பழைய சித்த மருத்துவ நூலில் உள்ள முறைப்படி செய்யும் மருந்துக்கு உரிமம் பெறத் தனியாகப் பாதுகாப்பு ஆய்வு காட்ட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆகவே, உரிம எண்ணைப் பார்த்தவுடன் எல்லாச் சோதனையும் முடிந்த மருந்து என்று எண்ணிவிடக் கூடாது.

விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் நிலவேம்பு கருத்தரிப்பைப் பாதித்திருக்கிறது; கருவுற்றவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லப்படுவது அதனால்தான். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றுசேர்வதை ஆண்ட்ரோகிராபோலைடு தடுப்பதாகவும் ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. தட்டணு குறைந்து கிடக்கும் டெங்கு நோயாளிக்கு வீட்டிலேயே காய்ச்சிக் கொடுப்பவர்களும் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நிலவேம்பு சேர்ந்த தயாரிப்புகளால் கடும் ஒவ்வாமை வந்த நிகழ்வுகளை 2015இல் ஆராய்ந்து எச்சரித்தது. இவற்றுள் ஒன்றையாவது அச்சிடப் பெட்டியில் இடம் தாராளமாக இருந்தது. அந்த இடத்தில் நீர்வீழ்ச்சிப் படம் போட்டிருக்கிறார்கள்.

சில்லறைத் தூளை அன்றே குப்பையில் கொட்டினேன். பெட்டிச் சூரணத்துக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் தருவேன்: இடித்த பக்குவத்துக்கும், தொகுதி எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள் மூன்றும் அழியாமல் அச்சிட்டதற்கும் அந்த மூன்று, பின்புற வாசகத்துக்கும் பதில் வராத தொலைபேசிக்கும் இரண்டைக் குறைத்தேன். மீதியைக் காற்றுப் புகாத கண்ணாடிச் சீசாவில் மாற்றிவிட்டாலும், தொகுதி எண் உள்ள அட்டையை மட்டும் வெட்டிச் சீசாவின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.