பிராக் ஒருநாள் சுற்றுலா: பாலம் அருமை, ஏற்பாடு சுமார்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பயண முகவரிடம் பணம் கட்டி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போன ஐரோப்பியப் பயணத்தில் செக் நாட்டுத் தலைநகர் பிராக்குக்கு ஒரே ஒரு நாள்தான். வல்தாவா ஆற்றின் மேல் இருக்கும் சார்லஸ் பாலத்துக்குக் காலை ஏழு மணிக்கே நாங்களாகவே நடந்து போய்விட்டோம், அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். 1357இல் கட்டத் தொடங்கிய கல்பாலம், அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள், வண்டி எதுவும் கிடையாது. நம்ம ஊர் கேவனா பாலம் 1869தான், அதையே பழசு என்று படம் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்! பத்து மணிக்குக் குழுவோடு திரும்ப வந்தபோது தைப்பூசக் கூட்டம்.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டுக் கடிகாரம். மணிக்கு ஒருமுறை ஜன்னலில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வரும், எலும்புக்கூடு மணியை ஆட்டும், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். "இதுக்கா இவ்வளவு நேரம் நின்னோம்" என்றார் அம்மா.

கோபம் வந்தது பிராக் கோட்டையில்தான். கொடுத்தது 45 நிமிடம். 1344இல் தொடங்கி 1929இல் முடித்த, கோட்டைக்குள்ளேயே இருக்கும் செயின்ட் வைட்டஸ் பேராலயத்தை வாசலோடு பார்த்துத் திரும்பினோம். முகவர் சொன்ன "சைவச் சாப்பாடு" உருளைக்கிழங்கும் நாலு இலையும். அப்புறம், தெருவெல்லாம் கல் பதித்தது, முட்டிவலி உள்ளவர்கள் நல்ல காலணி போடுங்கள். அடுத்த முறை இரண்டு இரவு தங்கி, 22ஆம் எண் ட்ராமில் நாங்களே கோட்டைக்குப் போய்க்கொள்வோம்.