ஜீப் ஸ்டியரிங் ஆட்டத்துக்கு மார்த்தாண்டத்தில் ஒரு லேத் பட்டறை

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஓடும் பழைய சிஜே3பி ஜீப்புகளுக்கெல்லாம் வருகிற நோய் ஸ்டியரிங் ஆட்டம். ஸ்டியரிங் வீலைக் கால் சுற்று திருப்பினாலும் டயர் அசையாது. வழக்கமாக என்ன செய்வார்கள்? ஸ்டியரிங் பாக்ஸின் (வீல் தண்டின் அடியிலுள்ள கியர் பெட்டி) பக்க மூடியில் உள்ள அட்ஜஸ்ட் ஸ்குருவை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்தப் பட்டறையில் அந்த ஸ்குருவில் கடைசியாகத்தான் கை வைக்கிறார்கள். அதற்காகவே வண்டியை இங்கே விடலாம்.

முதல் சோதனை டயர் தரையில் இருக்கும்போதே நடக்கிறது. ஒருவர் வீலை லேசாக ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்கிறார். பாக்ஸிலிருந்து வரும் பிட்மேன் ஆர்ம் அசைந்தும் அதோடு இணைந்த டிராக் லிங்க் கம்பி அசையவில்லையா, தேய்ந்தது அந்த மூட்டின் பந்து. டிராக் லிங்க் அசைந்தும் சக்கரங்களைத் திருப்பும் டை ராடு பிந்துகிறதா, பெரும்பாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள நெம்புகோலான பெல் கிராங்க்.

ஆட்டத்தின் பெரும்பங்கு அந்தப் பெல் கிராங்கில்தான். முன் குறுக்குச் சட்டத்தில் சேறும் மழைத்தண்ணீரும் நேராக அடிக்கிற இடம் அது. அது திரும்பும் அச்சாணியான பின்னைக் கழற்றித் துடைத்து நகத்தால் இழுத்தால் வரிவரியாகத் தட்டுப்படும். அந்த வரிகள் சுற்றிலும் இருக்காது, பளு விழும் பக்கத்தில் மட்டும் இருக்கும். ஊசி பேரிங் முழுச் சுற்று சுற்றாமல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் அரைப்பதே காரணம். இந்தப் பின்னுக்கு வெல்டிங் போட்டுக் கடைந்து தரச் சொன்னால் பட்டறையில் மறுத்துவிடுகிறார்கள். அது நியாயம்தான். மேற்பரப்பின் கடினம் போய்விட்டால் ஊசிகள் சீக்கிரமே மறுபடி தின்றுவிடும். 7/8 அங்குலப் பின், இரண்டு பேரிங், வாஷர்கள், சீல்கள் சேர்ந்த கிட்டாகவே மாற்றுகிறார்கள். பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காமல், அளவாகக் கடைந்த மாண்ட்ரல் உருளையை வைத்து பிரஸ்ஸில் இறக்குகிறார்கள். பின் உட்காரும் துளை முட்டை வடிவமாகியிருந்தால் கடைந்து புஷ் போடுகிறார்கள். அந்த வேலை அவ்வளவு சுத்தம்.

டிராக் லிங்கின் இரு முனையிலும் பந்தை அழுத்தும் பிளக்கை முழுக்க இறுக்கி, முன்பக்கம் அரைச் சுற்றும் பின்பக்கம் ஒரு சுற்றும் தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போடுகிறார்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடும் பழக்கம் இங்கே இல்லை.

பாக்ஸுக்கு வருவது அதன் பிறகு. சக்கரம் நேராக இருக்கும் நிலையில் வைத்துத்தான் ஸ்குருவைத் திருப்ப வேண்டும். பாக்ஸுக்குள் வீலோடு சுழலும் திருகு போன்ற கேமின் பள்ளம் நடுவில் மட்டும் இறுக்கம். திருப்பிய நிலையில் இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்து வீல் தானாகத் திரும்பாது. அந்தப் பள்ளத்தில் ஓடும் லீவர் ஷாஃப்டின் கூம்புகள் தட்டையாகிவிட்டால் ஷாஃப்டையே மாற்ற வேண்டியதுதான். ஆயில் ஒழுகுகிறது என்று கிரீஸை அடைத்திருந்தால் அதை வழித்தெடுத்து, சீல் மாற்றி, கியர் ஆயிலே ஊற்றுகிறார்கள். கேம் ஒதுக்கித் தள்ளிய கிரீஸ் திரும்பி வராது, பள்ளமும் கூம்பும் காய்ந்தபடி உரசும்.

குறை டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கியிருக்கும் அளவு, பார்ப்பதில். அதற்கு நூல் பிடிக்கிறார்கள். ரீட்ரெட் டயரின் ஓரம் சமமாக இருக்காது என்பதால் அந்த அளவை நம்ப முடியாது. இரண்டு டயரின் நடுவிலும் கோடு கீறி, இடைவெளியை முன்பக்கம் அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி, அதே கோட்டைப் பின்பக்கம் அளக்கச் சொல்லுங்கள். முன்னால் 3/64 முதல் 3/32 அங்குலம் குறைவாக வர வேண்டும். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கையும் கேட்டால்தான் பார்க்கிறார்கள். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். கிட் கையிருப்பில் இல்லையென்றால் வண்டி அங்கேயே கிடக்கும், போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பாக்ஸைக் கழற்றியிருக்கும்போது அது பொருந்தும் சேஸிஸ் பகுதியை வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். போல்ட் துளையிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசல் சேற்றுக்கும் பெயின்டுக்கும் அடியில் ஒளிந்திருக்கும்.