பத்துமலைத் தைப்பூசம்: பால்குடமா, அலகுக் காவடியா?

முதல்முறை நேர்த்திக்கடன் வைப்பவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். 1892-லிருந்து மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலில் தைப்பூசம் நடக்கிறது, ரெண்டு வழியிலும் மக்கள் அந்த 272 படி ஏறியிருக்கிறார்கள்.

பால்குடத்துக்குச் செலவு குறைவு, ஆள்துணை தேவையில்லை. விரதம் இருந்து, ஆற்றில் குளித்து, குடத்தைத் தலையில் வைத்து நடந்தால் போதும், அந்தப் பால் நேரே முருகனுக்குப் போகிறது, நம்மை யாரும் படம் பிடிக்கவும் வருவதில்லை.

அலகுக் காவடி அப்படியில்லை. நாக்கில் வேல் குத்துவது பேச்சை அடக்கும் மௌன விரதம், அதற்குப் பின்னால் பல வார உணவுக் கட்டுப்பாடும் தரைப்படுக்கையும் இருந்தால் அதைவிடப் பெரிய தவம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் காவடியின் உயரத்துக்கும் மயிலிறகுக்கும் போட்டி போட்டு, கூடவே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டும் விசிலும் வந்துவிட்டால் 'வேல் வேல்' சத்தமே கேட்காமல் போகிறது, அதைப் பார்க்க மனசு வலிக்கிறது.

அதனால் புதியவர்களுக்கு நான் பால்குடம்தான் சொல்வேன். காவடிதான் வேண்டுதல் என்றால் சரி, எடுங்கள், விரதத்தை மட்டும் குறைக்காதீர்கள், அப்புறம் உறுமி மேளமும் காவடிச் சிந்தும் தெரிந்த குழுவோடு போங்கள்.