ஏர் கம்ப்ரசர்: பல வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் பட்டறையில் பெல்ட்டில் ஓடும் பிஸ்டன் வகை ஏர் கம்ப்ரசர் ஒன்று பல வருடங்களாக உழைக்கிறது. மோட்டார் திறன், டேங்க் அளவு பற்றியெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை நாள் ஓட்டியதில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். வருடத்துக்கொரு முறை வரும் மெக்கானிக்கைவிட, தினமும் இதைக் கையாளுகிறவர்தான் இதன் ஆயுளைத் தீர்மானிக்கிறார்.

முதலில் தண்ணீர். அழுத்தும்போது சூடாகும் காற்று டேங்குக்குள் ஆறும்போது, அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி அடியில் தேங்கும். மழைக்காலத்தில் டேங்கின் அடியில் தண்ணீரை வடிக்க இருக்கும் ட்ரெயின் வால்வைத் திறந்தால் துருநிறத்தில் கொட்டும். அதை வடிக்காமல் விட்டால் தகடு உள்ளிருந்து அரித்து மெலியும், வெளியே பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்கும். அழுத்தத்தோடு டேங்க் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அதனால் வேலை முடிந்து கடைசியாகக் கிளம்புகிறவர் மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விலக்கு தருவதில்லை. அழுத்தம் அளவு மீறினால் காற்றைத் தானாக வெளியே விடும் சேஃப்டி வால்வு கசிகிறது என்று அதை அடைத்துவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கசிந்தால் புது வால்வு போடுங்கள்.

அடுத்து லீக். 7 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை வழியாக நொடிக்குச் சுமார் 10 லிட்டர் காற்று வெளியேறும். சின்ன கம்ப்ரசர் ஒன்று தரும் மொத்தக் காற்றையும் அதுவே விழுங்கிவிடும். பெரும்பாலும் ஹோஸ் கிளிப்பிலும் கப்ளிங்கிலும்தான் கசியும். மற்ற மெஷின்களை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள், சந்தேகமான இடத்தில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி காட்டிக் கொடுத்துவிடும். பலர் லீக்கைத் தேடாமல் பிரஷரை ஏற்றிவிடுகிறார்கள். 1 பார் கூட்டினால் மின்செலவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடும், கசிவும் சேர்ந்து கூடும்.

ஃபில்டர், பெல்ட் எல்லாம் கையேட்டில் இருக்கிறபடி பார்த்தால் போதும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றிவிடுங்கள்.

கையேட்டில் இல்லாத ஒரு விஷயம்: மெஷினில் கோளாறு வரப்போகிறது என்பது பக்கத்திலேயே நிற்கும் தொழிலாளிக்குத்தான் முதலில் தெரியும். “அண்ணே, சத்தம் ஒரு மாதிரி இருக்கு” என்று வருகிற பையனை, “நீ வேலையைப் பாரு” என்று அனுப்பிவிட்டால் அடுத்த தடவை வாய் திறக்கமாட்டான். அப்புறம் காற்றை உள்ளே இழுத்து வெளியே அனுப்பும் வால்வு பிளேட் உடைந்து, ஆர்டர் கையில் இருக்கிற நாளில் வேலை மொத்தமும் நின்ற பிறகுதான் நமக்குத் தெரியவரும். எங்கள் பட்டறையில் அப்படி யாராவது சொன்னால் மெஷினை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவோம். ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் சொன்னவரைக் கடிந்துகொள்வதில்லை.

இதே வகையை மறுபடி வாங்குவேனா? தாராளமாக. வாங்குகிறவர்கள் வால்வு பிளேட்டும், இணைப்புகளில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.